மாமா வேண்டாம் என்று சொன்ன கூட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால், அவர்கள் கொடுப்பதை முதல் தடவையே கை நீட்டி வாங்கிவிடக் கூடாது. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டால் "வேணாங்க" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். மறுபடியும் வேணாம். "அட, ஒரு வாய் குடிச்சா கொறஞ்சா போயிருவ?" என்று கோபித்துக்கொள்வது போல அவர்கள் டம்ளரைக் கையில் திணித்த பிறகு, வேறு வழியில்லாமல் வாங்குகிறவள் மாதிரி வாங்க வேண்டும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தொடையில் கிள்ளித்தான் சொல்லித் தந்தார்கள். கேட்டவுடன் "ம்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் பறக்காவெட்டி என்று பெயர் வாங்கியவள் நான்.

சரி, உலகம் இப்படித்தான் போலிருக்கிறது என்று பழகிக்கொண்டேன். ஆனால் மாமாவின் கடையில் அந்தப் பழக்கம் செல்லுபடியாகவில்லை. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பலாங்கொடையிலிருந்து வரும் பஸ் திரும்புகிற இடத்தில், தோட்டப் பாதையின் முனையில் கடை வைத்திருந்தார். நான் சீனி வாங்கப் போனால், எள்ளுருண்டைப் போத்தலின் மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "வேணுமா?" என்பார். நான் படித்த பாடத்தின்படி, "வேணாம் மாமா" என்பேன். "ஓ, வேணாமா? ஹரி, ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, மூடியைத் திருகிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். இரண்டாவது தடவை கேட்கவே மாட்டார். நான் சீனிப் பையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பதைப் பார்த்துக் கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். பாதி வழி போன பிறகு கூப்பிட்டு இரண்டு உருண்டை கொடுப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். சில நாள் கூப்பிட மாட்டார். எந்த நாள் கூப்பிடுவார், எந்த நாள் மாட்டார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

அதே மாமா, மற்றவர்கள் தன்னிடம் அப்படி நடந்துகொண்டால் தாங்கமாட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய புதிராக இருந்தது.

அவர் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளைச் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பேனா. பொலிசுக்குப் போனாலும் துரையின் பங்களாவுக்குப் போனாலும் சிங்களத்தில் வெளுத்து வாங்குவார். ராத்திரியில் யாருக்காவது வயிற்றுவலி என்றால் அவருடைய த்ரீவீலர்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்கும். ஆகவே வருசா வருசம் அவர்தான் தலைவர். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனாலும் வருசா வருசம் கூட்டம் போட்டு அவரைத் தேர்ந்தெடுப்பார்கள், வருசா வருசம் அவரும் வேண்டாம் என்பார்.

கூட்டத்தில் யாராவது மாமாவின் பெயரைச் சொல்வார்கள். மாமா எழுந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி, "எனக்கு வேணாங்க. இத்தன வருசம் பாத்தாச்சு, புது ஆளப் போடுங்க" என்பார். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார். அப்போது பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வரும். "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? நீங்க இல்லாம சாமி எப்படிங்க வெளிய வரும்?" அவ்வளவுதான். உடனே மற்றப் பெண்கள் தொடங்குவார்கள். பிறகு ஆண்கள் எழுந்து போய் மாமாவின் கையைப் பிடிப்பார்கள். அவர் திமிறுவார், இன்னும் கொஞ்சம் மறுப்பார், பெருமூச்சு விடுவார், "சரி, எல்லாரும் இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்று உட்காருவார். மாலை முதலிலேயே கட்டி வாழையிலையில் சுற்றித் தயாராக இருக்கும்.

கூடப்பிறந்தவள்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் ஆண்களில் ஒருவர் முதலில் எழுந்தால் காக்கா பிடிக்கிறான் என்று பேச்சாகிவிடும். தங்கச்சி கூப்பிட்டால் அது பாசம். ஆகவே அம்மா. எனக்கு அந்த வசனம் வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டப் பாடசாலையில் ஒன்பதாம் தரம் வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். காலையில் இறங்கும் பஸ் வந்தால் வரும், மழையில் மண் சரிந்தால் வராது. ஆண் பிள்ளைகள் சிலர் போனார்கள். பெண் பிள்ளைகள் ஒன்பதோடு நின்று கொழும்பில் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போனார்கள். அந்த வருசம் என் அக்கா ஒன்பதாம் தரம், நான் நாலாம் தரம். அக்கா கெட்டிக்காரி என்று பொய் சொல்ல மாட்டேன். கணக்கு என்றால் அவளுக்கு நடுக்கம். ஆனால் பள்ளிக்கூடம் போவது அவளுக்கு உயிர். காய்ச்சலை மறைத்துக்கொண்டு போகிற ஆள். அவளுக்காக மாமா கொழும்பில் ஒரு துணிக்கடையில் பேசி வைத்திருந்தார். தெரிந்த முதலாளி, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. "தை பொறந்ததும் அனுப்பிருவோம் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். மாமா கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அக்கா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மாமாகிட்டச் சொல்லுங்கம்மா. நான் படிக்கிறேன்னு சொல்லுங்க."

"அண்ணன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?" என்றாள் அம்மா.

அம்மாவுக்குக் கல்யாணம் முடித்து வைத்தவர் மாமா. அப்பா மரம் வெட்டப் போய் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்த காலத்தில், எங்கள் அடுப்பு எரிந்தது மாமாவின் கடைச் சாமானில். அவர் பேச்சுக்கு அம்மா ஒரு தடவைகூட மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அக்காவின் அழுகையைப் பார்த்துவிட்டு அம்மா வெளியே போய் விறகை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த விறகு அது. கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்கினாள்.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தின் புது அதிபராக ஒருவர் கல்முனைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். ஒல்லியான மனிதர். அட்டைக்கடிக்குப் பயந்து காலுறைக்குள் சவர்க்காரம் தடவிக்கொண்டு வருவார். பெற்றோர் சங்கம் எழுதிக் கேட்டு, ஒரு வகுப்பறையும் கட்டிக் காட்டினால், பத்தாம் தரம் தொடங்க வலயக் கல்வி அலுவலகம் சம்மதிக்கும் என்று வந்த வேகத்தில் சொன்னார். அக்கா அன்று ராத்திரி சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கல்லுக்கும் பஞ்சம் இல்லை. மைதானத்தின் ஓரத்தில் சீமெந்துக் கற்கள் குவிந்து கிடந்தன. ஏதோ ஓர் எலக்சன் நேரத்தில் யாரோ ஓர் அரசியல்வாதி இறக்கிவிட்டுப் போனவை. பாசி பிடித்து, இடுக்கில் கீரிப்பிள்ளை குட்டி போட்டிருந்தது. நாங்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பஸ் விளையாடுவோம். அந்தக் கல்லை என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதில் அதிபர்தான் தலைவர், ஓர் ஆசிரியர் பொருளாளர், அது சட்டமாம். செயலாளரை மட்டும் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் எழுதுவது, ஆள் சேர்ப்பது, வேலை செய்விப்பது எல்லாம் செயலாளர் என்பதால், செயலாளர் எந்தப் பக்கமோ கல் அந்தப் பக்கம்.

அந்தக் கல்லின் மேல் மாமாவுக்கு வேறொரு ஆசை இருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரு வளைவு. அவருடைய மகனும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான், அதனால் அவரும் பெற்றோர். போனில் அந்த வளைவின் படம் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் யானை, நடுவில் தாமரை, அதற்குக் கீழே கல்லில் பெயர்கள். "பஸ்ஸுல போறவன் வாறவன் எல்லாம் பாக்கணும், இங்க ஒரு இஸ்கூல் இருக்குன்னு" என்பார். எங்களுக்கும் யானை பிடித்திருந்தது. கல், ஒன்று வளைவுக்குக் காணும் அல்லது வகுப்பறைக்குக் காணும், இரண்டுக்கும் காணாது என்பது நாலாம் தரத்துக்காரி எனக்கே விளங்கியது. "மொதல்ல வளைவு. பத்தாம் தரம் பொறகு பாத்துக்கலாம்" என்றார் மாமா. அந்தப் பிறகில் அக்கா இருக்க மாட்டாள் என்பதும் விளங்கியது. விளங்காதது ஒன்றுதான். இவ்வளவு ஆசைப்பட்ட மாமா, கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க லயம் லயமாக, ஒவ்வொரு தொழிலாளர் வீட்டு வரிசையாக நடந்து, "ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்துருங்க" என்று சொன்னாரே தவிர, எனக்கு அந்த வேலை வேணும் என்று ஓர் ஆளிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டே, மேல் லயத்தில் விளையாடிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும்படி கத்திக் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நாய் இரண்டு எழுந்து ஓடின. தலை வாரும்போதும் பேசவில்லை, பாதையில் இறங்கும்போதும் பேசவில்லை. அப்பா முன்னால் நடந்தார். பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று அதிபர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

மண்டபத்தில் எங்கள் சின்ன வாங்குகளைத்தான் உட்காரப் போட்டிருந்தார்கள். பெரிய ஆம்பிளைகள் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஒரு பக்கம் அவர்கள், மறு பக்கம் பெண்கள். நான் அம்மாவின் அருகில். அக்கா மற்றப் பெரிய பிள்ளைகளோடு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா முன் வரிசையில், தேய்த்த சட்டையில் இருந்தார்.

அதிபர் விதிகளை வாசித்தார். ஒருவர் ஒரு பெயரைப் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும், பெயருக்குரியவர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் இல்லாதவரைப் போட முடியாது. "எல்லாருக்கும் விளங்குதா?" என்று கேட்டார். எல்லாரும் விளங்குதுங்க என்றார்கள்.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவர் மாமாவின் பெயரைப் பிரேரித்தார். மேல் லயத்துக் கங்காணி ஆமோதித்தார். மாமா எழுந்து துண்டை உதறினார்.

"எனக்கு வேணாங்க சார். கோயில் வேலையே தலைக்கு மேல கெடக்கு, கடையையும் பாக்கணும். வேற யாரையாச்சும் போடுங்க." சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இனி அம்மாவின் முறை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எழுதி அழிக்காமல் விட்ட ஒரு வகுத்தல் கணக்கு கரும்பலகையில் இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. பெண்கள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

அம்மாவுக்கு வசனம் மறந்துவிட்டது என்று எனக்குப் பயம் வந்தது. மேடையில் பாட்டு மறந்து நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன், அந்த வேதனை எனக்குத் தெரியும். அவள் இடுப்பில் விரலால் குத்தினேன். "அம்மா, சொல்லுங்கம்மா. மாமா நிக்கிறாங்க." அம்மா என் கையைப் பிடித்தாள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள், என் விரல்கள் நெரிந்தன. வலியைப் பொறுத்துக்கொண்டு, "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க" என்று முதல் வரியை அவள் காதில் எடுத்துக் கொடுத்தேன். பிடி இன்னும் இறுகியது. நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"ஓம், நியாயமான கதைதான்" என்றார் அதிபர். "ஒரு மனிசன் வாய் திறந்து வேணாம் எண்டு சொன்னதுக்குப் பிறகு நாம வற்புறுத்துறது அழகில்ல. வேற பேர் சொல்லுங்க."

போத்தல் மூடி திருகப்பட்டது போல எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மாமா ஒரு காலில் செருப்போடு நின்றார். போவதா உட்காருவதா என்று தெரியாமல் கடைசியில் உட்கார்ந்தார். முகத்தில் வைத்திருந்த சிரிப்பை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. கடையில் நான் நிற்பது போலவே மாமா முழித்தார். சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

வேறு பெயர் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. சொன்னால் மாமாவின் எதிரி என்றாகிவிடும். அப்போது கங்காணிக்கு ஒரு யோசனை வந்தது. மாமாவின் வீட்டுக்குள்ளேயே ஒரு பெயரைப் போட்டு வைத்தால், அந்த ஆள் வேண்டாம் என்றதும் பேச்சு மறுபடி மாமாவிடமே வந்துவிடும் அல்லவா? இந்தக் கணக்கையெல்லாம் அவர் பிற்பாடு கடை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று எழுந்து, "அப்படின்னா நம்ம தலைவரோட தங்கச்சியப் போடுவோங்க" என்று மட்டும் சொன்னார்.

மாமாவுக்கு உயிர் வந்தது. கங்காணிக்கு ஓடிய யோசனை மாமாவுக்கு ஓடாதா? "நானே ஆமோதிக்கிறேங்க!" என்று கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு அம்மாவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வேணாம்னு சொல்லு, என் பேரச் சொல்லு என்கிற அசைவு.

அதிபர் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சம்மதமா, தங்கச்சி?"

அம்மா எழுந்தாள். என் கையை விடாததால் நானும் எழுந்தேன்.

"சரிங்க சார்" என்றாள்.

கேட்டவுடன். முதல் தடவையே. எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவும் யார், எனக்குத் தொடையில் கிள்ளிப் பாடம் சொல்லித் தந்த அம்மா! வீட்டுக்குப் போனதும் அம்மாவை யார் கிள்ளப் போகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. பிறகு அதிபர் கை தட்டினார். அதிபர் தட்டினால் தட்ட வேண்டும் என்று பழகியிருந்த பிள்ளைகள் நாங்கள் தட்டினோம். பெண்கள் தட்டினார்கள். கடைசியில் மாமாவும் தட்டினார். ஜன்னலில் அக்காவைக் காணவில்லை. கல் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள் என்று அவளுடைய கூட்டாளிதான் வந்து சொன்னாள். இதற்கு ஏன் அழ வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றாமலே தொடங்கினார். "என்ன வேல பாத்த நீ? ஒங்கண்ணன் வேணாம்னு சொன்னா அது எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

"வேணாம்னுதானே சொன்னாரு" என்றாள் அம்மா. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா..."

"சார் கேட்டாரு. சரின்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார், ஏதோ நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்பது போல. எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. மாமாவுக்கு வேணும் என்பது தோட்டத்துக்கே தெரியும். மாமா வேணாம் என்று சொன்னதையும் தோட்டமே கேட்டது. இதில் யார் குற்றவாளி என்று யோசித்து யோசித்து, புது அதிபர்தான் என்று முடிவு செய்துகொண்டேன். கல்முனையில் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது, பாவம் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். மாமியும் பீலியில் அம்மாவைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவாள். அம்மா கடைக்குப் போகவில்லை, என்னைத்தான் அனுப்பினாள். முதல் தடவை நான் பயந்து பயந்து போனேன். மாமா சீனியை நிறுத்துக் கட்டினார். பிறகு பழக்கதோசத்தில் போத்தலைத் திறந்து நீட்டினார்.

"வேணுமா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "வேணும் மாமா" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். போத்தலுக்குள் கையை விட்டு, அள்ளிய மட்டும் அள்ளி என் சட்டைப் பையில் போட்டார். "அம்மாவும் மகளும் நல்லாப் படிச்சுக்கிட்டீங்க" என்றார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று தெரியாமல், உருண்டை கொட்டாமல் பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

அம்மா ஐந்தாம் தரம் வரை படித்தவள். கடிதம் எழுத வேண்டிய நாளில் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். பத்தாம் தரத்துக்குப் பெயர் கொடுக்க முதலில் எல்லாரும் தயங்கினார்கள். செயலாளர் வீட்டுப் பிள்ளையே இல்லை என்றால் மற்றவர்கள் எப்படித் தருவார்கள் என்று அதிபர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். கொடுத்த தேத்தண்ணியை முதல் தடவையே வாங்கிக் குடித்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். மாமாவே கொழும்புக்குப் போன் பண்ணி, ஆள் வராது என்று சொன்னாராம்.

ஊரே கூடிக் கூலியில்லாமல் கல் எடுக்கச் சிரமதானம் வைத்த நாளில் மாமா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தார். யாரோடும் பேசாமல் மகனோடு சேர்ந்து கல் தூக்கினார். கீரிப்பிள்ளை ஓடியதும் பிள்ளைகள் கத்தினோம், அவர் மட்டும் நிமிரவே இல்லை. வெயில் ஏறியபோது அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு வந்தாள். மாமாவிடம் நீட்டினாள். "வேணாம்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அன்றைய சட்டப்படி பார்த்தால் அம்மா எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அம்மா போகவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. கோப்பையை அவர் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்து, மேலே ஓர் இலையால் மூடிவிட்டு நகர்ந்தாள். கொஞ்சம் கழித்துப் பார்த்தேன், கோப்பை காலியாக இருந்தது. மாமா பள்ளிக்கூட வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார், யானை நிற்க வேண்டிய இடத்தை. எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அக்காவை நினைத்தால் சந்தோசமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று குழம்பினேன்.

வகுப்பறையின் ஒரு சுவர் கொஞ்சம் சாய்ந்துதான் எழும்பியது. அலுவலகக் கடிதம் வரத் தாமதமாகி, அக்காவின் வகுப்பு முதலில் கொஞ்ச நாள் எங்கள் மண்டபத்தின் மூலையில் நடந்தது. சாதாரண தரப் பரீட்சையில் அவள் கணக்கில் தோற்றாள். மறுபடி எழுதித் தேறினாள். இன்று இரத்தினபுரியில் தாதியாக இருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை வராது.

அடுத்த திருவிழாக் கூட்டத்துக்குத் தோட்டமே திரண்டு வந்தது. சாமிக்காக வந்தவர்கள் பாதிப் பேர்தான் என்று நினைக்கிறேன். மாமாவின் பெயரைச் சொன்னார்கள். மாமா எழுந்தார். துண்டை எடுத்தார். உதறுவதற்கு முன்னால் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அப்படியொரு பார்வையை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. "எனக்கு வேணாம்..." என்றார், அந்த 'ங்க'வை முடிக்காமல்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க?" என்றாள் அம்மா. "நீங்க இல்லாம சாமி எப்படிங்க வெளிய வரும்?"

"சரி" என்று மாமா உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடிக்க எழுந்த ஆண்கள் பாதி வழியில் நின்றார்கள். மாலையை இலையிலிருந்து பிரித்து முடிக்கவில்லை. யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கடைசியில் மாமாவும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மறுநாள் மாமி பீலியில் அம்மாவுக்கு இடம் விட்டு நின்றாள்.

அம்மாவின் குரல் அன்று கணீரென்று இருந்தது. ஒரு சொல் மறக்கவில்லை. அப்படியானால் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் மறந்தாள்? அங்கே மேசை, நாற்காலி, அதிபர் எல்லாம் இருந்ததால் பயந்துவிட்டாள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். நான் எடுத்துக் கொடுத்ததையாவது வாங்கிச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கித் தொண்ட கட்டிக்கிச்சுடி" என்றாள். பீலியிலிருந்து கத்தி நாயை விரட்டிய காலை அது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து அக்கா அனுப்பிய கண் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தன்று என் விரல்கள் சாயங்காலம் வரை வலித்தன. நான் இடுப்பில் குத்தியதற்கு அம்மா கோபித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். வருசா வருசம் சொன்ன வசனம் அவள் நாக்கு நுனியில்தான் நின்றிருக்கிறது. அதை வெளியே விடாமல் வைத்திருக்க அவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, பக்கத்தில் என் கை இருந்தது.